இஞ்சின்காரரின் கடைசி வசனம்

யாராவது மேடையில் நின்றுகொண்டு, "இத்துடன் எனது உரையை நிறைவு செய்கிறேன்" என்று சொன்ன பிறகும் பேசிக்கொண்டே போனால் எனக்கு அந்த மனிதருடைய முகம் ஞாபகத்துக்கு வந்துவிடும். மூக்கைச் சுருக்கி, வாயை ஒரு பக்கமாகக் கோணி, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில், "முடிக்கத் தெரியாட்டி இவர் ஏன் எழும்பினவர்?" என்பார். அவர் சைவக்காரர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. ஆனால் எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருநாளுக்கு ஒருமுறை வந்து, சுவாமியாரின் பிரசங்கம் முழுவதையும் வாசலில் நின்று கேட்டுவிட்டு என் மனுசனிடம் சொன்னார்: "உங்கட சுவாமி மூண்டு தரம் கரைக்குக் கிட்ட வந்தவர். மூண்டு தரமும் திருப்பிக்கொண்டு கடலுக்குப் போட்டார்." என் மனுசன் சிரித்த சிரிப்பில் கோயில் மூப்பர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

அவருக்கு ஒரு பேர் இருந்தது. அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. ஊரில் எல்லாருக்கும் அவர் இஞ்சின்காரர். யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருந்த ஒரு கொம்பனி, வள்ளத்தின் பின்பக்கத்தில் பூட்டுகிற இஞ்சின்களைத் தீவுகளில் விற்பதற்கு அவரை அனுப்பியது. அறுபதுகளின் கடைசி வருசங்கள். நாரந்தனைக்கு அங்கால், எங்கள் கரையில் அதுவரை பாய் வள்ளங்கள்தான். காற்று விட்டால் ஆம்பிளைகள் வருவார்கள், விடாவிட்டால் வரமாட்டார்கள். பொழுதுபடப் பெண்கள் எல்லாரும் கரையில் போய் நிற்போம். வாய் ஊர்க்கதை கதைக்கும், கண் கடலில் இருக்கும்.

கடலுக்கு இஞ்சின் விற்க வந்த அந்த மனிதருக்குக் கடல் என்றால் பயம். நீந்தத் தெரியாது. அனலைதீவுக்குப் போகும்போது வள்ளத்தின் குறுக்குப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி போவாராம். "உங்கட சாமானிலை உங்களுக்கே நம்பிக்கை இல்லையோ அண்ணை?" என்று என் மனுசன் பகிடியாகக் கேட்டால், "சாமானிலை நம்பிக்கை இருக்குத் தம்பி. தண்ணியிலைதான் இல்லை" என்பார். எங்கள் வீடுகளில் தேத்தண்ணி கொடுத்தால் யோசிக்காமல் வாங்கிக் குடிப்பார். அந்தக் காலத்தில் பட்டினத்துச் சைவக்காரர் எல்லாரும் அப்படிக் குடிக்கமாட்டார்கள். அதனாலேயே எங்களுக்கு அவரைப் பிடித்துப்போனது.

முதல்முறை அவர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது கோயில் வளவில் ஒரு பீப்பா நிறையத் தண்ணீர் வைத்து, அதன் விளிம்பில் இஞ்சினைப் பூட்டிவிட்டு நின்றார். கயிற்றை இழுத்தார். அந்தச் சத்தத்தில் வளவு மரங்களில் இருந்த காகம் எல்லாம் எழும்பிப் பறந்தன. பீப்பாத் தண்ணீர் கொதிக்கிற மாதிரித் துள்ளியது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கிட்டக் கிட்டப் போனார்கள்.

சத்தத்துக்கு மேலால் அவர் கத்திக் கத்தி விளங்கப்படுத்தினார். மண்ணெண்ணெயில் ஓடும். பழுதானால் பட்டினத்தில் உதிரிச் சாமான் இருக்கிறது. ஆம்பிளைகள் தலையாட்டினார்கள். ஒருவரும் வாங்குகிற முகமாக இல்லை. அதன் நடுவில் அவர் ஒன்று சொன்னார். அப்போது அது பெரிய கதையாக எனக்குப் படவில்லை.

"பாய் வலிக்க ரெண்டு பேர் வேணும். மற்ற ஆளுக்குக் காய்ச்சல் எண்டால் நீங்களும் கரையிலை குந்தியிருக்க வேண்டியதுதான். இதுக்கு ஓராள் காணும், மற்ற ஆள் தேவையில்லை."

பிறகு இஞ்சினை நிறுத்தினார். இதைத்தான் நான் அவரில் முதலில் கவனித்தது. மற்ற வியாபாரிகள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு போய் முடிப்பார்கள். இவர் சத்தத்தை நிறுத்திவிட்டு முடிப்பார். அவ்வளவு இரைச்சலுக்குப் பிறகு வந்த அமைதியில் கோயிலுக்குள் மெழுகுதிரி விற்கிற கிழவி இருமுவதுகூடக் கேட்டது. அவர் சாதாரணக் குரலில், வீட்டுக்கு வந்தவர் விசாரிக்கிற மாதிரிக் கேட்டார்.

"கடலுக்கு இறங்கேக்கை மனுசிமாருக்கு என்ன சொல்லிப்போட்டுப் போறனீங்கள்?"

சனத்துக்குள் இருந்து எங்கள் அடுத்த வளவுப் பிலிப்பு அண்ணை சத்தமாகச் சொன்னார்: "வேறை என்ன, போட்டு வாறன் எண்டுதான்!"

எல்லாரும் சிரித்தோம். சிரிக்கிறதுக்கு அதில் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவரும் 'போறன்' என்று சொல்லிக்கொண்டு வாசலைத் தாண்டமாட்டார்கள். சந்தைக்குப் போனாலும் கொழும்புக்குப் போனாலும், போய்விட்டு வருகிறேன் என்கிற அந்த 'போட்டு வாறன்' தான். அதிலும் கடலுக்குப் போகிறவன் வாயில் வெறும் 'போறன்' வந்தால் மனுசி அவனை மறித்து இருத்தி, தண்ணீர் கொடுத்து, திருப்பிச் சொல்லவைத்துத்தான் அனுப்புவாள்.

இஞ்சின்காரர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிலிப்பு அண்ணையை ஒருதரம் பார்த்தார். கீழே கிடந்த ஏதோ ஒன்றைக் கண்டெடுத்தவர் மாதிரி அவருடைய முகம் இருந்தது.

"போறதுக்கு உங்களுக்குக் காத்து இருக்கு," என்றார். "வாறதுக்கு இது."

அவ்வளவுதான். சீலைத்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு கோயில் படியில் போய் இருந்துவிட்டார். வாங்குங்கோ என்று சொல்லவில்லை. வேறென்ன என்றும் கேட்கவில்லை.

திரேசா என் பக்கத்தில் நின்றாள். அவள் பிலிப்பு அண்ணையின் மனுசி, எனக்கு அடுத்த வளவு, சின்ன வயதிலிருந்தே சினேகிதி. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த வேலியில் ஒரு பொட்டு உண்டு. ஒரு நாளில் எத்தனையோ தரம் அந்த ஓட்டைக்குள்ளால் குனிந்து போய் வருவோம். அந்த அமைதியில் அவள் தன் மனுசனைப் பார்த்தாள். நான் என் மனுசனைப் பார்த்தேன். வளவில் நின்ற பெண்கள் எல்லாரும் அவரவர் ஆம்பிளையைப் பார்த்தோம். வியாபாரம் அந்தப் பார்வையில் முடிந்தது. இஞ்சின்காரர் ஒருவரையும் வற்புறுத்தவில்லை, நாங்கள்தான் பார்த்தோம்.

மீன்பிடிச் சங்கத்தின் மூலமாக முதல் இரண்டு இஞ்சின்கள் வந்தன. ஒன்று பிலிப்பு அண்ணைக்கு, மற்றது எங்களுக்கு.

அதற்குப் பிறகு அவர் தீவு தீவாகப் போய் அந்த வசனத்தைத்தான் சொன்னார். அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எல்லா இடமும் அதே கேள்வி, சனத்திடமிருந்து அதே பதில், அதே முடிப்பு. வள்ளத்தை ஓட்டிக் காட்டுவதற்கு என் மனுசனைக் கூட்டிக்கொண்டு போவார். வீட்டுக்கு வந்து என் மனுசன் எனக்கு நடித்துக் காட்டுவார். "எங்கட பிலிப்பன் சொன்ன பகிடியிலை மனுசன் கடை போட்டிட்டார்" என்பார். பிலிப்பு அண்ணைக்கு அதில் பெரிய பெருமை. கரையில் இளம் பெடியளிடம், "அந்த வசனம் என்ர. அவர் இரவல் வாங்கினவர்" என்று நெஞ்சை நிமிர்த்துவார்.

முடித்த பிறகு பேசாமல் இருப்பதுதான் வித்தையில் பெரிய பங்கு என்பது இஞ்சின்காரருடைய கொள்கை. "முடிச்சாப் பிறகு ஆர் முதல் வாய் திறக்கிறானோ அவன் தோத்தான் தம்பி. நான் திறந்தால் சாமான் விலைப்படாது. அவை திறந்தால் விலைப்படும்." அனலைதீவில் ஒருமுறை அவர் முடித்துவிட்டு இருந்தால் அந்த ஊர்ச்சனமும் வாயே திறக்கவில்லையாம். வெயில் சாய்ந்தது. ஒருவர் சுருட்டுப் பற்றவைத்தார். இன்னொருவர் கிழிந்த வலையைப் பொத்தத் தொடங்கிவிட்டார். என் மனுசன், "அண்ணை, காத்து மாறுது, வெளிக்கிடுவம்" என்று காதுக்குள் சொன்னதற்கு, அவர் கையால் வாயைப் பொத்தச் சொல்லிக் காட்டினாராம். கடைசியில் ஒரு கிழவர் தாங்கமாட்டாமல், "என்ன நிறத்திலை வரும் தம்பி?" என்று கேட்டுவிட்டார். அங்கே பல இஞ்சின்கள் போயின. திரும்பி வரும்போது கடல் எழும்பிவிட்டது. அவர் பலகையைப் பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டே, "பாத்தியே, நிறம் கேட்டவன் வாங்குவான்" என்றாராம்.

அவருக்குக் கோபம் வந்து நான் கண்டது ஒரே ஒருமுறை. எங்கள் சங்கத் தலைவர், மனுசன் நல்லவர், இஞ்சின்காரர் முடித்து இருந்த அந்த அமைதிக்குள் எழும்பி நன்றியுரை சொல்லத் தொடங்கிவிட்டார். மழை பெய்ததற்கும் சுவாமி ஆசீர்வதித்ததற்கும் பீப்பா இரவல் தந்தவருக்கும் நன்றி. சனம் கலைந்து சாப்பிடப் போய்விட்டது. அன்று முழுவதும் இஞ்சின்காரர் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து புறுபுறுத்தார். "ஆர் கேட்டது அந்தாளிட்டை நன்றி? கட்டின மீனைக் கயித்தை அவிட்டு விட்டமாதிரி!" நானும் திரேசாவும் குசினி அடுப்படியில் நின்று வாயைப் பொத்திச் சிரித்தோம். திரேசா சிரித்தால் கண்ணில் தண்ணீர் வரும்.

இஞ்சின் வந்தபின் வந்த நல்ல காலத்தை நான் மறைக்கப்போவதில்லை. தூரத்துக்குப் போனார்கள், நல்ல மீன் கொண்டுவந்தார்கள். நாங்கள் கூரையை ஓடாக்கினோம். பொழுதுபடக் கரைக்குப் போக வேண்டிய தேவை இல்லாமல் போனது. அடுப்படியில் நின்றே சத்தத்தைக் கேட்டு, இது எங்கட, இது உங்கட என்று திரேசாவும் நானும் வேலிக்கு மேலால் சொல்லிக்கொள்வோம்.

ஒரு வருசம் கச்சான் காற்று வீசுகிற காலத்தில் பிலிப்பு அண்ணையோடு கடலுக்குப் போகிற அவருடைய தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. பாய் வள்ளம் என்றால் கரையிலேயே நின்றிருப்பார். ஓராள் காணும் என்று தனியே போனார். வாசலில் நின்று திரேசாவுக்கு, "போட்டு வாறன்" என்று சொன்னது எனக்கும் கேட்டது. நான் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் காற்று அடித்தது. என் மனுசன் கிட்டக் கடலில் நின்றதால் வந்துவிட்டார். பிலிப்பு அண்ணை வரவில்லை. பிறகு நெடுந்தீவு ஆட்கள் அவருடைய வள்ளத்தைக் கவிழ்ந்தபடி கண்டு, கட்டி இழுத்து எங்கள் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இஞ்சின் பூட்டினபடியே இருந்தது. ஆளைக் கடைசிவரை எடுக்க முடியவில்லை.

திரேசாவின் வீட்டுக்குச் சனம் வந்துகொண்டே இருந்தது. உடம்பு கிடைக்கும் என்று சுவாமி காத்திருந்தார், பூசைகூட வைக்கவில்லை. ஆனால் வந்த சனத்துக்கு அது செத்த வீடுதான். குழறி அழுதோம், இருந்தோம், எழும்பினோம். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் போகும்போது சொல்லிக்கொண்டு போவதில்லை. அங்கே போய் 'வாறன்' என்றால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். ஒவ்வொருவராக வாய் திறக்காமல் எழும்பிப் படலையால் வெளியே போவார்கள். நானும் அப்படித்தான் பொட்டுக்குள்ளால் போய்ப் போய் வந்தேன்.

இஞ்சின்காரர் வந்தார். அன்று வேட்டி கட்டியிருந்தார். ஆம்பிளைகளோடு வாங்குப் பலகையில் இருந்தார். முகம் வற்றிப்போய் இருந்தது. பிறகு எழும்பி, திரேசா இருந்த பக்கமாக வந்து நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. அந்தத் தடுமாற்றத்தில், வருசக்கணக்காய் வீடுவீடாகப் பழகிப்போன வாய், தானாகவே திறந்தது.

"அப்ப நான் போட்டு வாறன் தங்கச்சி."

குழறிக்கொண்டு இருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். திரேசாவின் மாமி, "ஐயோ, செத்த வீட்டிலை நிண்டு சொல்லுற சொல்லே இது!" என்று தலையில் அடித்தார். இஞ்சின்காரருக்கு அப்போதுதான் தான் சொன்னது விளங்கியது. சொல்லைத் திரும்பப் பிடிக்கப் போகிறவர் மாதிரிக் கை முன்னால் வந்தது.

திரேசா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். "ஓம், போட்டு வாங்கோ" என்றாள்.

ஒழுங்கை திரும்புகிற முடக்கில் நின்று அவர் தன்னுடைய வாயில் தானே அடித்ததை என் மனுசன் கண்டார். போய்க் கையைப் பிடித்தபோது, "ஓராள் காணும் எண்டு நான்தானே தம்பி சொன்னனான்" என்றாராம். போட்டு வாறன் சொன்னதைப் பற்றி அவர் கதைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நான் அவருடைய விற்பனையை ஒருமுறைதான் பார்த்தேன். என் தங்கச்சி கலியாணம் கட்டிப் போயிருந்த கரைக்குப் போயிருந்தபோது அங்கே பீப்பாவோடு நின்றார். அவர் என்னைக் கவனிக்கவில்லை. எல்லாம் பழையபடிதான் நடந்தது. இஞ்சினை நிறுத்தினார். அமைதி வந்தது. சனம் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மண்ணெண்ணெயைப் பற்றித் திரும்பச் சொன்னார். பிறகு உதிரிச் சாமான். காற்றாடியைக் கழற்றிக் காட்டினார், திரும்பப் பூட்டினார். கடலுக்குப் போகேக்கை ரெண்டு பேராய்ப் போங்கோ என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். "கடைசியா ஒண்டு" என்றார். அதற்குப் பிறகும் ஒன்று சொன்னார். சனம் ஒவ்வொருவராகக் கழன்றது. ஒரு பெடியன் சிரித்துக்கொண்டு, "இவர் இண்டைக்குக் கரைக்கு வரமாட்டார்" என்று மற்றவனுக்குச் சொன்னான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அங்கே நிற்க ஏலாமல் போய்விட்டது.

கொம்பனி அவரை ஊர் ஊராய் அனுப்புவதை நிறுத்தி, பட்டினத்துக் கடையில் உதிரிச் சாமான் கொடுக்க இருத்திவிட்டது என்று கேள்விப்பட்டோம்.

ஆனால் எங்கள் ஊருக்கு வந்தார். ஒவ்வொரு கச்சான் காலத்திலும், பிலிப்பு அண்ணை போன அந்த நாட்களையொட்டி, நாரந்தனையில் பஸ்ஸால் இறங்கிக் குடையும் கையுமாக நடந்து வருவார். திரேசா வீட்டு முற்றத்தில் கதிரையில் இருப்பார். அவள் தேத்தண்ணி கொடுப்பாள், குடிப்பார். பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். பிறகு இரண்டு பேரும் சும்மா இருப்பார்கள். அவள் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டு இருப்பாள். அவர் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆர் முதல் வாய் திறக்கிறது என்று காத்திருக்கிற அந்தப் பழைய வித்தைதான், வேலிக்கு இங்கால் நின்று நான் பார்ப்பேன். கடைசியில் அவள் வெறுங் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போகும்போது எழும்பிப் போய்விடுவார். அவள் திரும்பி வரும்போது கதிரை மட்டும் இருக்கும். அவருக்கு அந்த வீட்டில் சொல்லிக்கொண்டு போக ஒரு சொல் இல்லை.

எனக்கும் இல்லை. பொட்டுக்குள்ளால் போவேன், வேலை செய்து கொடுப்பேன், அவள் திரும்பி நிற்கிற நேரம் பார்த்து வந்துவிடுவேன். அந்தச் சொல்லைச் சொல்லி அவளை நோகப்பண்ணக் கூடாது என்று நினைத்தேன். அவளுடைய மனுசன் போன கடலுக்கு என்னுடைய மனுசன் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார். இஞ்சின் சத்தம் அவளுக்குக் கேட்கக்கூடாது என்று, கரைக்கு வர முன்னமே இஞ்சினை நிறுத்திவிட்டுக் நீளக் கோலை ஊன்றித் தாங்கி வரச் சொன்னேன். அவரும் அப்படியே செய்தார். ஒருநாள் திரேசா வேலியால் எட்டிப் பார்த்து, "ஏனடி அன்னம்மா, இஞ்சின் பழுதோ? சத்தமே கேக்கேல்லை. நான் அதைக் கேட்டுத்தானே உலை வைக்கிறனான்" என்றாள். பிறகு சத்தத்தோடு வரச் சொன்னேன். அதுவும் பிழையாகத்தான் பட்டது.

ஒரு வருசம் பஸ்ஸுக்காக நின்ற இஞ்சின்காரர் என்னைக் கண்டு கிட்ட வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"தங்கச்சி, அவ என்னைப் பற்றி ஏதும் சொல்லுறவவோ?"

"இல்லை அண்ணை."

"ஒண்டும்?"

"ஒண்டும் சொன்னதில்லை."

"ஏசினாலும் பறுவாயில்லை," என்றார். "நான் கதைச்ச கதையாலைதான் அவர் தனியப் போனவர் எண்டு அவ நினைக்கிறாவோ இல்லையோ, அது எனக்குத் தெரிய வேணும். அதைக் கேக்கத்தான் ஒவ்வொரு முறையும் வாறனான். கேக்க வாய் வருகுதில்லை. நீர் ஒருக்காக் கேட்டுச் சொல்லுவீரோ?"

கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. இஞ்சின்காரருக்கு அவள் என்ன பதில் வைத்திருக்கிறாளோ, அதே பதிலில் ஓட்டு வீட்டில் இருக்கிற எனக்கும் ஒரு பங்கு இருக்கும் என்று பயந்தேன்.

எண்பதாம் ஆண்டு பிறந்த பிறகு அவர் வந்த அந்த முறை நானும் திரேசாவின் முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வேலையை விட்டுவிட்டாராம். வவுனியாவில் மகளோடு போய் இருக்கப்போகிறாராம். இனி இவ்வளவு தூரம் வர ஏலாது என்று சொன்னார். தேத்தண்ணி குடித்தார். திரேசா கோப்பையை வாங்கினாள். ஆனால் குசினிக்குள் போகவில்லை. அதை நிலத்தில் வைத்துவிட்டு அவருக்கு முன்னால் இருந்தாள்.

மனிதர் அந்தரப்பட்டுப் போனார். குடையை எடுத்தார், வைத்தார். கடைசியில் எழும்பி, ஒன்றும் சொல்லாமல் படலைப் பக்கமாக நடந்தார்.

"சொல்லாமல் போறியள்," என்றாள் திரேசா.

அவர் நின்றார். "தங்கச்சி, அண்டைக்கு வாய் தவறிச் சொல்லிப்போட்டன். அது என்ர வாயில்லை, பழக்கம். என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

"எதுக்கு மன்னிக்கிறது?" திரேசாவின் குரல் உயரவில்லை. "ஆளின்ர உடம்பு வரேல்லை, பூசை வைக்கேல்லை. நான் படலையைப் பாத்துக்கொண்டு இருந்தனான். வந்த சனம் எல்லாம் ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பி எழும்பிப் போகப் போக, அவர் செத்துக்கொண்டே போனார். நீங்கள் ஒராள்தான் ஆக்கள் இருக்கிற வீட்டிலை சொல்லுறமாதிரிச் சொல்லிப்போட்டுப் போனனீங்கள். சொன்னபடி ஒவ்வொரு வருசமும் வந்தும் இருக்கிறியள். அந்த ஒரு சொல்லிலைதான் நான் எழும்பி அடுப்பு மூட்டினனான்."

அவர் இரண்டடி திரும்பி வந்தார். எத்தனையோ வருசமாய்க் கேட்க வந்ததை அப்போதுதான் கேட்டார்: "ஓராள் காணும் எண்டு நான் சொன்னது..."

திரேசா கடற்பக்கம் பார்த்தாள். "அதை என்னட்டைக் கேக்காதேங்கோ அண்ணை," என்றாள். "அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை. சில நாள் உங்களிலை கோவம் வரும். சில நாள் அவரிலை வரும். சில நாள் ஆரிலையும் வராது."

அவர் தலையை ஆட்டினார். பொய் சொல்லி அனுப்பியிருந்தால் அவர் நம்பியிருக்கமாட்டார்.

"சொல்லிப்போட்டுப் போங்கோ," என்றாள் அவள் திரும்பவும்.

முடிப்பதற்கென்றே பிறந்த அந்த மனிதருக்கு அந்த இரண்டு சொல்லையும் எடுக்க எவ்வளவு நேரம் பிடித்தது! சீலைத்துண்டைத் தேடுகிற மாதிரிக் கை இடுப்பைத் தடவியது.

"போட்டு வாறன் தங்கச்சி."

"ஓம், போட்டு வாங்கோ."

படலையைச் சாத்திக்கொண்டு போனார். ஒழுங்கை முடக்குவரை நேராக நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் நாங்கள் அவரைக் கடைசியாகக் கண்டது. வரமாட்டார் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் அந்த முடிப்பில் ஒரு குறையும் இல்லை.

நான் வெட்டின மீனைச் சட்டிக்குள் போட்டு மூடினேன். திரேசா கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். 'வந்த சனம் எல்லாம்' என்று சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. இப்போதும் பார்க்கவில்லை. ஏதாவது சொல்லுவாள் என்று நின்றேன். கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள், கையைச் சீலையில் துடைத்தாள். பொட்டடியில் போய் நின்றும் எனக்குக் குனிய முடியவில்லை. வருசக்கணக்காய் அந்த ஓட்டைக்குள்ளால் திருடி மாதிரிப் போய் வந்தவள் நான்.

அவருடைய கணக்கில் முதல் வாய் திறக்கிறவர்தான் தோற்றவர். நான்தான் திறந்தேன்.

"திரேசா, போட்டு வாறன்."

"ஓம்," என்றாள். அவருக்குச் சொன்ன மிச்சத்தை எனக்குச் சொல்லவில்லை.